கோள்மண்டலத்துக்குத் தோண்டிய கிணறு

முதிரையடிப் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்படும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், கோள்மண்டலத்துக்கு என்பார்கள். கேலியாகச் சொல்வதில்லை. அந்த ஊரில் கிணற்றுக்கு அதுதான் பெயர். கொழும்பில் அதே பெயரில் ஒரு கட்டடம் இருப்பதும், அதற்குள் உட்கார்ந்தால் பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டுவார்கள் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர் வீரையா. கிணற்றுக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவரும் அவரேதான்.

வீரையா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் பிறந்தவர். கான் வெட்டுவது அவருடைய தொழில். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போகாதபடி தேயிலை நிரைகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டுவதற்குத் தோட்டத்தில் அப்படிப் பெயர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அந்த லயம் எரிந்தது. மனைவி சுப்பம்மாவையும் ஒரு தகரப் பெட்டியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வன்னிக்கு வந்தவர், புளியங்குளத்துக்குக் கிழக்கே காட்டோரத்தில் இறங்கினார். அதே லொறிகளில் வந்த மற்றக் குடும்பங்களும் அங்கேயே காடு வெட்டிக் குடிசை போட்டன. நடுவில் ஒரு பெரிய முதிரை மரம் நின்றதால் முதிரையடி என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

வன்னி மண் தேயிலை மலை மண் அல்ல. ஆடி ஆவணியில் கல்லாய் இறுகிவிடும். வீரையா அலவாங்குக் கடப்பாரை பிடித்துக் கிணறு வெட்டப் பழகினார். வயிறு கேட்டால் கை தானாகப் பழகிவிடும். நாலைந்து வருடத்தில் சுற்றுவட்டாரத்துக் காணிக்காரர்கள் கிணறு என்றதும் அவரைத்தான் தேடி ஆளனுப்பினார்கள். ஆனால் ஊருக்கெல்லாம் கிணறு வெட்டியவரின் சொந்தக் குடியேற்றத்தில் கிணறு கிடையாது. வெட்டுவதற்குக் கை இருந்தது, கல்லுக்கும் சீமெந்துக்கும் வழியில்லை. பக்கத்துக் குளம் மாரியில் நிறையும், கோடையில் மாடுகள் இறங்கிச் சேறாக்கிவிடும். குடிதண்ணீருக்குப் பெண்கள் தெருவோரத்துப் பெரிய வளவொன்றுக்கு நடந்தார்கள்.

அந்த வளவுக்காரி அன்னபாக்கியம் நல்ல மனுஷி. தண்ணீர் இல்லை என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் தோட்டக்காட்டுச் சனம் என்று பெயர் வாங்கியவர்கள் கிணற்றுக் கயிற்றைத் தொடுவது அங்கே வழக்கமில்லை. வேலிக்கு வெளியே குடங்களை வைத்துவிட்டு நிற்கவேண்டும். அவர் குசினி வேலையை முடித்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, துலாவில் அள்ளி ஊற்றுவார். வாளி குடத்தில் முட்டிவிடாதபடி உயரப் பிடித்து ஊற்றுவதால் பாதி சிந்தும். சுப்பம்மா வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். குடத்தை இறக்கி வைக்கிற சத்தத்திலேயே வீரையாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். கிணறு வெட்டுகிறவனின் பெண்டாட்டி இன்னொருவர் வேலியில் கையேந்தி நிற்கிறாளே என்று அவருக்குச் சோறு இறங்காது.

அன்னபாக்கியத்தின் கணவர் பரமேஸ்வரன், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர். எண்பத்தொன்றில் மாவட்டச் சபைத் தேர்தலில் நின்று வென்றார். கெட்டிக்காரர், கைசுத்தம். விடியச் சைக்கிளில் ஏறினால் பொழுதுபட்டுத்தான் வீடு திரும்புவார். முதிரையடி ஆட்கள் அவரிடம் போய்க் கிணறு கேட்டபோது, பார்ப்போம் என்றார். அடுத்த கோடையில், பள்ளிக்கூடத்துக்கும் குடியேற்றத்துக்கும் நடுவிலுள்ள அரச காணியில் சபைக் காசில் ஒரு நல்ல வேலை தொடங்கப்போகிறது, மண்வேலைக்கு வீரையாவின் ஆட்களே வரட்டும் என்று சொல்லியனுப்பினார். என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேட்ட வரம் கிடைக்கும்போது சாமியிடம் யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

குறித்த நாளில் வேலையை மேற்பார்க்கும் சபை ஓவசியர் வந்தார். காணியின் நடுவில் ஒரு முளையை அடித்தார், அதில் கயிற்றைக் கட்டினார், கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புத் தூளால் நிலத்தில் பெரிய வட்டமொன்று போட்டார். வெட்டத் தொடங்குங்கோ, சீமெந்துக்கு வவுனியாவுக்குப் போட்டு வாறன் என்று மோட்டார் சைக்கிளில் ஏறியவர், போன இடத்தில் கோயில் திருவிழாவில் மாட்டிக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மேல் ஆளைக் காணவில்லை.

இனி நடந்ததற்கு வீரையாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வன்னியில் நிலத்தில் சதுரம் போட்டால் வீடு, நீளமாகப் போட்டால் பள்ளிக்கூடம், வட்டம் போட்டால் கிணறு. வேறு எதை மனிதர் வட்டமாகக் கட்டினார்கள்? வட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது அவர் கண்ணிலும் பட்டதுதான். அரசாங்கக் கிணறல்லவா, பெரிதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கிணற்றுக்கு முதல் மண் எடுக்கும் முறைப்படி எல்லாம் நடந்தது. செருப்பைக் கழற்றி வைத்தார்கள். கிழக்கே பார்த்துக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். சுப்பம்மா பொங்கிக் கொண்டுவந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். வீரையா மண்வெட்டியைக் கும்பிட்டு முதல் வெட்டு வெட்டினார். ஓவசியர் வரும் முன் முடித்துக் காட்டவேண்டும் என்று கூலி இல்லாத பெண்களும் கடகம் தூக்கினார்கள். செம்மண் போய்ச் சரளைக் கிறவல் வந்தது. ஆள் உயரம் தாண்டியபோது காலடியில் மண் குளிர்ந்தது. வீரையா ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தார், விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. ஊற்றுக்கண் பக்கத்தில்தான் என்று மேலே பார்த்துச் சொன்னார். சுப்பம்மா கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

மறுநாள் ஓவசியர் வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். அவர் போட்டது அத்திவாரத்தின் கோடு. வட்டத்தின் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குக் கான் போல வெட்டி, அதில் கல் வைத்துச் சுவர் எழுப்பி, மேலே கவிழ்த்த சட்டி மாதிரிக் கூரை போடவேண்டும். நடு மண்ணில் கை வைத்திருக்கவே கூடாது. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு மாஸ்டருக்கு ஆளனுப்பினார்.

மாஸ்டர் வந்து கோபப்படவில்லை. அதுதான் வீரையாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கரையிலே குந்தியிருந்து, கட்டப்போவது என்ன என்று அப்போதுதான் விளக்கினார். எழுபத்தாறில் அவர் ஒரு வகுப்புப் பிள்ளைகளை யாழ்தேவி ரயிலில் ஏற்றிக் கொழும்புக் கோள்மண்டலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். விளக்கை அணைத்ததும் தலைக்கு மேலே வானம் முழுக்க வந்து நின்றதாம். அடுத்த வருடமே கலவரம். அதற்குப் பிறகு எந்தத் தாய் தகப்பன் பிள்ளையைத் தெற்கே ரயிலேற்றுவார்கள்?

"பிள்ளையளை அங்கை கொண்டுபோகேலாது எண்டால் அதை இஞ்சை கொண்டுவரவேணும். சின்னனாயெண்டாலும்," என்றார் மாஸ்டர்.

வானம்தான் வெளியே சும்மா கிடக்கிறதே என்று வீரையாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதிலாக அவர் வேறொன்றைக் கேட்டார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது, வேலைக்கு ஆள் எண்ணும் அந்த இடத்துக்கு மேலே விடிவெள்ளி நிற்கும். சில மாதம் விடியலில் காணாது, பொழுதுபட்டதும் மேற்கே நிற்கும். அது ஏன் என்று வாலிபத்தில் ஒருதரம் கங்காணியிடம் கேட்டார். கான் வெட்டுறவனுக்கு வெள்ளி எதுக்குடா என்று கங்காணி எல்லோர் முன்னாலும் சிரித்தான். அதன் பிறகு யாரிடமும் கேட்டதில்லை. இப்போது மாஸ்டரிடம் கேட்டார்.

மாஸ்டர் ஒரு குச்சியை எடுத்துக் கிளறிய மண்ணில் கீறிக் காட்டினார். அது நட்சத்திரமே அல்ல, நம்முடைய பூமியைப் போல இன்னொரு உருண்டை. சூரியனைச் சுற்றும்போது ஒருபக்கம் நின்றால் விடியலில் தெரியும், மறுபக்கம் நின்றால் பொழுதுபட்டதும் தெரியும். அவ்வளவுதான். வீரையா அந்தக் கீறலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடத்துக்கு மேல் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் ஒன்றை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது.

ஆனால் மாஸ்டர் எழுந்து, குழியை மூடி இடித்து இறுக்கிவிடுங்கள் என்று சொன்னதும் வீரையா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வறண்ட குழியை மூடலாம். ஈரம் காட்டிய குழியை மூடக்கூடாது. மூடினவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்பார்கள். வீரையாவுக்கும் சுப்பம்மாவுக்கும் பிள்ளை இல்லை. இத்தனை வருடமாகியும் நேர்த்தி வைப்பதை அவர்கள் விட்டுவிடவுமில்லை.

"ஊத்துக்கண்ண மூட எங்களால முடியாதுங்க மாஸ்டர். வேற என்ன சொன்னாலும் செய்யிறோம்."

மற்ற ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியிலிருந்து பிடித்து வந்த கூலிகளும் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நழுவிவிட்டார்கள். கோள்மண்டலமும் எழும்பவில்லை, கிணறும் இறங்கவில்லை. குழி திறந்தபடி கிடந்தது.

திறந்து கிடக்கும் குழியில் அரசியல் வந்து விழாமல் இருக்குமா? சபைத் தேர்தலில் மாஸ்டரிடம் தோற்ற அரிசி ஆலைக்காரர் அருளம்பலம் ஆட்களோடு வந்து குழியைச் சுற்றிப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் நட்சத்திரம் காட்டச் சபைக் காசு போகிறது என்ற பேச்சு நாலு பக்கமும் பரவியது. பத்திரிகையொன்றிலும் மூலையில் ஒரு செய்தி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருளம்பலம் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. கேட்டவர் வாய்தான் சரியில்லை. அவருடைய ஆலை வளவிலும் ஒரு கிணறு இருந்தது, முதிரையடிப் பெண்கள் ஒருத்தரும் அதன் பக்கம் போனதில்லை.

சந்தியில் ஒலிபெருக்கி கட்டிக் கூட்டம் வைத்தார். வீரையாவை மேடையில் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். தண்ணீர்தான் வேண்டும் என்று நாலு வார்த்தை பேசினால் போதும், குழி கிணறாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வீரையாவும் அதை நம்பித்தான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அருளம்பலம் வெளுத்து வாங்கினார். வானத்தைப் பார்க்க மண்டபம் கட்டுகிறவர்கள் நாளை மழையைப் பார்க்க மாளிகை கட்டுவார்களாம். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வீரையாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உற்சாகம் ஏறி, அருளம்பலம் வீரையாவின் தோளில் கையைப் போட்டார்.

"இந்தச் சனத்தைப் பாருங்கோ. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு வெள்ளி என்னத்துக்கு?"

சனம் இன்னும் பலமாகச் சிரித்தது. வீரையாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. மஸ்கெலியாவில் கேட்ட அதே கேள்வி, லொறியேறி அவருக்குப் பின்னாலேயே வந்திருந்தது. ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தார்கள்.

"தண்ணி வேணும்ங்க. அஞ்சு வருசமா கேக்கிறோம்," என்றார். "ஆனா வெள்ளி வேணாம்னு நாங்க யாருகிட்டயும் சொல்லலங்க. ரெண்டுல ஒன்னுதான்னு எங்களுக்கு மட்டும் ஏங்க கணக்கு வைக்கிறீங்க?"

யாரோ ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். பாட்டுப் போட்டார்கள். மேடையிலிருந்து இறங்கிய வீரையாவுக்கு வீட்டுக்குப் போக வழிவிட்டார்களே தவிர ஒருவரும் பேசவில்லை. முதிரையடியிலும் திட்டுதான் கிடைத்தது. கைக்கு வந்த கிணற்றை வாயால் கெடுத்துவிட்டதாகச் சொந்தச் சனமே முணுமுணுத்தது.

கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அடுத்த நாள் முதிரையடிக்கு வந்தார். வீரையாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வருகிற வாரம் இந்தக் குழியைப் பற்றிச் சபையின் விசாரணை நடக்கும், அதற்கு முன் குழியை மூடிவிட்டால் கோள்மண்டலம் பிழைத்துக்கொள்ளும், கிணற்றை அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். வீரையாவின் மனம் இளகிக்கொண்டிருந்தது. பாவம் வந்தாலும் வரட்டும், இந்த மனிதருக்காக மூடிவிடலாமோ என்று யோசித்தார்.

"இப்ப தண்ணி எங்கையிருந்து எடுக்கிறனீங்கள்? அதையே இன்னும் ஒரு வருசம் சமாளிக்கேலாதோ?" என்றார் மாஸ்டர்.

அதுவரை அடுப்படியில் நின்ற சுப்பம்மா வெளியே வந்தார்.

"ஒங்க வீட்லதாங்க மாஸ்டர் எடுக்கிறோம்."

"எங்கட வீட்டிலையோ?"

"ஆமாங்க. வேலிக்கு வெளிய நிப்போம். அம்மா வந்து ஊத்துவாங்க. கயித்தத் தொடமாட்டோம்." சுப்பம்மாவின் குரலில் கோபமில்லை. "தெனமும் நீங்க சைக்கிள எடுத்துக்கிட்டு எங்களத் தாண்டித்தானே போறீங்க. பாத்ததில்லையா?"

மாஸ்டர் சைக்கிளைத் திருப்பினார். ஏறவில்லை, கண்ணுக்குத் தெரிந்த தூரம் வரை தள்ளிக்கொண்டே போனார். மனைவி இப்படிப் பட்டென்று கேட்டுவிட்டாளே என்று வீரையாவுக்குச் சங்கடமாக இருந்தது. கேட்டாளே என்று பெருமையாகவும் இருந்தது.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. சபைத் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஓவசியர் வியர்த்து வடிய நின்றார். அருளம்பலம் யன்னலோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீரையா ஒரு முடிவோடு போயிருந்தார். எங்கள் பிழைதான், யாரும் சொல்லவில்லை, நாங்களாகத்தான் தோண்டினோம், மூடித் தருகிறோம் என்று சொல்லிவிடுவது. சுப்பம்மாவிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சபைத் தலைவர் வீரையாவைப் பார்த்து, அந்த இடத்தில் யார் கிணறு வெட்டச் சொன்னது என்று கேட்டார். வீரையா எழுந்து வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"நான்தான் சொன்னனான். கோள்மண்டலம் பிறகு பாக்கலாம், முதல் கிணத்தை வெட்டுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஓவசியருக்கும் தெரியாது, வேலையாக்களிலையும் பிழையில்லை."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் சொன்ன பொய் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். வீரையா, தன் பிழை என்று சொல்ல எழுந்தவர், எழுந்தபடியே நின்றார். மாஸ்டர் அவரைப் பார்த்தார். இரு என்று கண்ணால் சொன்னார். வீரையா உட்கார்ந்தார். சபையைக் கேட்காமல் வேலையை மாற்றியதற்காக மாஸ்டரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும், கோள்மண்டலத்துக்கென்று வந்த கல்லையும் சீமெந்தையும் வைத்துக் கிணற்றைக் கட்டி முடியுங்கள் என்றார் தலைவர். தண்ணீர் கொண்டுவந்தது தான்தான் என்று அருளம்பலம் அதற்குப் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொல்லட்டும், வாய்க்கு வரியா கட்டுகிறார்?

மாரி தொடங்குமுன் ஊற்றுக்கண் திறந்தது. கல்லுக்கட்டு முடிந்து கப்பி போட்ட அன்று சுப்பம்மாதான் முதல் வாளி இழுத்தார். குடம் நிரம்பியும் நிறுத்தாமல் வழிய வழிய ஊற்றினார். அடுத்த வருடம் கோள்மண்டலத்துக்கு மறுபடி கேட்கலாம் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். அடுத்த வருடம் ஆடி மாதம் நாடே கலவரத்தில் தீப்பற்றியது. தெற்கிலிருந்தும் மலையிலிருந்தும் புதிய லொறிகள் வந்து முதிரையடியில் சனத்தை இறக்கின. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கிணற்றில்தான் குடித்தார்கள். பிறகு சபை என்று ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கிணற்றுக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஆரம்பத்தில் கிண்டலாக வைத்த பெயர்தான்.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, மழை பொய்த்த ஒரு வருடம் மாஸ்டர் வீட்டுக் கிணறு வற்றியது. ஒரு காலை வீரையா கிணற்றடியில் கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தெருப்பக்கமாக அன்னபாக்கியம் ஒரு குடத்தோடு வந்தார். பின்னால் மாஸ்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அன்னபாக்கியம் கிணற்றுக்கட்டுக்குச் சற்றுத் தள்ளிக் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு நின்றார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சுப்பம்மாவைப் பார்த்தார்கள். வீரையாவும் பார்த்தார். இவள் இப்போது வாளியை உயரத் தூக்கி ஊற்றினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஊற்றிவிடுவாளோ என்று பயந்தார். ஊற்றினால்தான் என்ன என்று ஒரு கணம் ஆசையும் பட்டார்.

சுப்பம்மா கயிற்றை நீட்டினார்.

"நீங்களே அள்ளுங்கம்மா."

அன்னபாக்கியம் கயிற்றையும் சுப்பம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது. வாங்கிக்கொண்டார். துலாவில் பழகிய கைக்குக் கப்பி பிடிபடவில்லை, வாளி பாதியில் நின்றது. சுப்பம்மா பின்னால் போய்ச் சேர்ந்து பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

மாஸ்டர் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கல்லெல்லாம் எதற்காக வந்த கல் என்று அவருக்கும் தெரியும், வீரையாவுக்கும் தெரியும். இந்த மனிதருக்கு நாம் திருப்பி ஒன்றுமே கொடுக்கவில்லையே என்று வீரையா நினைத்துக்கொண்டார்.

"வீரையா," என்றார் மாஸ்டர், கண்ணை எடுக்காமலே. "அங்காலை இன்னும் கொஞ்சம் வெறுங்காணி கிடக்கு. இன்னொரு வட்டம் போட்டால் வெட்டுவீரோ?"

சபை இல்லை, காசு இல்லை, சீமெந்து வருகிற பாதையில் இராணுவக் காவலரண் வந்துவிட்டது.

"போடுங்க மாஸ்டர்," என்றார் வீரையா. "இந்த வாட்டி ஓரத்த மட்டும் வெட்டுறோம்."